சம்பளம் கூடினால் பிள்ளைக் காசு எவ்வளவு குறையும்?

கேள்வி: நாங்கள் கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தின் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது. மகனுக்கு வாற மே மாதம் ஐந்து முடியும். 2025 ஜூன் வரை பிள்ளைகளுக்காக அரசு தரும் சைல்ட் பெனிபிற் மாதம் 1,018 டொலர் வந்தது. ஜூலையிலிருந்து 795 தான் வருகிறது. கணவருக்கு வேர்ஹவுஸில் வேலை. 2023இல் அவருக்கு 48,000, எனக்குப் பகுதி நேரத்தில் 10,000. 2024இல் அவருக்கு 49,000, எனக்கு 22,000. அந்த வருடம் அவர் ஆர்.ஆர்.எஸ்.பி. என்ற ஓய்வுகாலச் சேமிப்பிலிருந்து 5,000 எடுத்தார். வங்கி அப்போதே வரி கழித்துவிட்டது. இப்போது 2026 ஜனவரியிலிருந்து எனக்கு சூப்பர்வைசர் வேலை தருகிறார்கள், வருடம் 34,000. "அதை எடுத்தால் பிள்ளைக் காசு முழுக்கப் போய்விடும், பேசாமல் விடு" என்கிறார் கூட வேலை செய்யும் அக்கா ஒருவர். கூடும் சம்பளத்தை வரிக்குக் காட்டாமல் கைக்காசாகக் கேட்கலாம், அல்லது பிரிந்திருக்கிறோம் என்று பதிந்துவிடலாம் என்றும் சொல்கிறார். என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த வேலையை எடுங்கள். பிள்ளைக் காசு குறையும் என்பது உண்மை. முழுக்கப் போய்விடும் என்பது உண்மையில்லை. எவ்வளவு குறையும், எப்போது குறையும் என்ற இரண்டையும் முன்கூட்டியே கணக்குப் பார்க்க முடியும்.

முதலில் ஜூலையில் என்ன நடந்தது என்று பார்ப்போம். சைல்ட் பெனிபிற் வருடம் ஜூலையில் தொடங்கி அடுத்த ஜூனில் முடிகிறது. 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரை வரும் காசு, நீங்கள் இருவரும் 2024இல் உழைத்ததை வைத்துக் கணக்கிடப்பட்டது. அதற்கு முந்தைய பன்னிரண்டு மாதக் காசுக்கு அடிப்படை 2023. ஆகவே ஜூலையில் குறைந்தது இப்போதைய சம்பளத்தால் அல்ல, போன வருடச் சம்பளத்தால்.

கணக்கில் எடுப்பது வேலையிடம் தரும் ரி4 படிவத்தில் 14ஆம் பெட்டியில் உள்ள சம்பளமும் அல்ல, கைக்கு வரும் சம்பளமும் அல்ல. வரிக் கோப்பில் லைன் 23600 என்று இருக்கும் நிகர வருமானத்தைத்தான். யூனியன் சந்தா, கொம்பனி பென்ஷனுக்குக் கழித்தது, சி.பி.பி. என்ற அரச ஓய்வூதியத்துக்குக் கழித்ததில் ஒரு சிறு பகுதி, ஆர்.ஆர்.எஸ்.பி., பிள்ளை பராமரிப்புச் செலவு எல்லாம் கழிந்த பிறகு நிற்கும் எண் அது. கணவருடையதையும் உங்களுடையதையும் கூட்டினால் வருவதே குடும்ப நிகர வருமானம். கனடா வரித்துறையான சி.ஆர்.ஏ. ஜூலையில் அனுப்பிய அறிவித்தலில் அந்தத் தொகை அச்சாகியிருக்கும். வரிப் பதிவுக்குப் பின் இருவருக்கும் வந்த அசெஸ்மென்ற் கடிதங்களிலும் உள்ள லைன் 23600 எண்களைக் கூட்டி அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் பொருந்தாவிட்டால் எங்கோ பிசகு இருக்கிறது. நீங்கள் தந்த எண்களை நிகர வருமானமாகவே எடுத்துக்கொண்டு கணக்கைப் போடுகிறேன்.

2023இல் உங்கள் குடும்ப வருமானம் 58,000. அதற்கான வருடத்தில் ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு உச்சத் தொகை 7,787, ஆறு முதல் பதினேழு வயதுப் பிள்ளைக்கு 6,570. இரண்டும் சேர்ந்து 14,357. வருமானம் 36,502ஐத் தாண்டினால் குறையத் தொடங்கும். இரண்டு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்குக் குறைப்பு 13.5 சதவீதம். நீங்கள் தாண்டியது 21,498 டொலர், அதில் 13.5 சதவீதம் 2,902. மிஞ்சியது 11,455, மாதத்துக்கு 954.56. அதோடு ஒன்ராறியோவின் பிள்ளைக் கொடுப்பனவும் அதே நாளில் அதே தொகையோடு சேர்ந்து வந்தது. பிள்ளைக்கு 1,680 உச்சம், 25,646க்கு மேல் 8 சதவீதம் குறைப்பு. உங்களுக்கு அது மாதம் 64 டொலர். இரண்டையும் கூட்டினால் நீங்கள் சொல்லும் 1,018 வருகிறது.

2024இல் குடும்ப வருமானம் 76,000 ஆகிவிட்டது. இந்த முறை உச்சத் தொகைகள் 7,997, 6,748 என்று ஏறின. தொடக்க எல்லை 37,487. தாண்டியது 38,513, அதில் 13.5 சதவீதம் 5,199. மிஞ்சுவது 9,546, மாதத்துக்கு 795.48. மாகாணத்தின் பங்கு அடியோடு நின்றுவிட்டது. பிள்ளைக்கு 1,727 என்று உச்சம் ஏறினாலும், இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அது 69,500 டொலரளவில் பூச்சியமாகிவிடும். மாதம் 223 டொலர் குறைந்ததில் 159 மத்திய அரசின் பக்கம், 64 மாகாணத்தின் பக்கம். யாரும் தவறு செய்யவில்லை, தண்டமும் இல்லை. சி.ஆர்.ஏ.யை அழைத்து முறையிடவும் எதுவும் இல்லை.

ஆனால் 76,000க்குள் ஒரு 5,000 இருக்கிறது, அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுத்த காசு எடுத்த வருடத்தின் வருமானம். 5,000 வரை எடுத்தால் வங்கி 10 சதவீதம் கழிக்கிறது. உங்களுக்கு 500 கழித்திருப்பார்கள். அது முற்பணம்தான், முழு வரி அல்ல. கணவரின் வருமானப் படியில் அந்த 5,000க்கு மத்திய, மாகாண வரி ஏறத்தாழ 1,100 வரும். மிச்சம் 600 ஏப்ரலில் திரும்பி வர வேண்டிய காசில் கழிந்திருக்கும், அல்லது கட்டச் சொல்லியிருப்பார்கள். அதன் பிறகு மூன்றாவதாக ஒரு அடி. 5,000இல் 13.5 சதவீதம், 675 டொலர், இந்த ஜூலையிலிருந்து பன்னிரண்டு மாதம் பிள்ளைக் காசில் போகிறது. ஆக 5,000 எடுத்ததன் விலை 1,775. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஆர்.ஆர்.எஸ்.பி.யை உடைப்பது இவ்வளவு செலவான வேலை என்று வங்கியில் யாரும் சொல்வதில்லை. அவசரத்துக்கு எடுக்க வேண்டிய காசை ரி.எஃப்.எஸ்.ஏ. என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் வையுங்கள், அதிலிருந்து எடுப்பது வருமானத்தில் சேராது. முதல் வீடு வாங்குவதற்காக ஹோம் பையர்ஸ் பிளான் வழியாக ஆர்.ஆர்.எஸ்.பி.யிலிருந்து எடுப்பதும் சேராது. ஆனால் அதை வருடா வருடம் திருப்பிக் கட்ட வேண்டும். கட்டத் தவறிய தவணை அந்த வருட வருமானமாகிவிடும்.

2025இல் அப்படி எதுவும் எடுக்காமல், சம்பளமும் அப்படியே இருந்தால் உங்கள் குடும்ப வருமானம் 71,000. 2026 ஜூலையில் பிள்ளைக் காசு மாதம் 56 டொலரளவில் தானாகவே ஏறும். விலைவாசிக்கேற்ப ஒவ்வொரு ஜூலையும் உச்சத் தொகையும் எல்லையும் ஏறுவதால் இன்னும் கொஞ்சம் கூடவும் வரும்.

இனி சூப்பர்வைசர் வேலை. உங்கள் சம்பளம் 22,000இலிருந்து 34,000 ஆனால் குடும்ப வருமானம் 71,000இலிருந்து 83,000 ஆகும். 2025 ஜூலையில் தொடங்கிய வருடத்தின் எல்லைகளை வைத்தே பார்ப்போம். 81,222 என்று இரண்டாவது எல்லை ஒன்று உண்டு. அதற்கு மேல் குறைப்பு வீதம் தணிகிறது, இரண்டு பிள்ளைகளுக்கு 13.5 அல்ல, 5.7 சதவீதம்தான். 71,000க்கும் 81,222க்கும் இடையில் 10,222 டொலர், அதற்கு 1,380. அதற்கு மேல் 1,778, அதற்கு 101. ஆக வருடத்துக்கு 1,481 டொலர் குறையும், மாதத்துக்கு 123. அதுவே முழு இழப்பு.

மேலதிகமாக வரும் 12,000க்கு வருமான வரி, சி.பி.பி., வேலையிழப்புக் காப்புறுதியான ஈ.ஐ. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 27 சதவீதம், அதாவது 3,200 அளவில் போகும். குறைந்த வருமானக்காரருக்கு ஒன்ராறியோ தரும் வரிச் சலுகையிலும் ஒரு ஐந்நூறு, அறுநூறு டொலர் கரையும். விற்பனை வரிக்கு ஈடாக வரும் ஜி.எஸ்.ரி. காசு உங்கள் 2024 வருமானத்துக்கு ஏற்கெனவே நின்றிருக்க வேண்டும். எல்லாம் போக 12,000இல் வருடத்துக்கு 6,700 டொலரளவில் உங்கள் வீட்டில் நிற்கும். சி.பி.பி.க்குப் போகும் காசு உங்கள் ஓய்வூதியமாகத் திரும்பும். ஈ.ஐ.யும் 34,000 சம்பளத்தின்படி கணக்கிடப்படும். அந்த அக்கா சொன்னபடி வேலையை விட்டால் 1,481 டொலரைக் காப்பாற்ற 6,700 டொலரை விடுகிறீர்கள்.

காலம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் 2026 ஜனவரியில் தொடங்கினால், 2026 வருமானத்தை 2027 வசந்தத்தில் பதிவீர்கள். பிள்ளைக் காசு குறைவது 2027 ஜூலையில். பதினெட்டு மாதம் புதுச் சம்பளமும் பழைய வருமானத்துக்கான பிள்ளைக் காசும் சேர்ந்து வரும். பலர் இடறுவது இங்கேதான். கூடிய காசுக்கு ஏற்ப வான் வண்டித் தவணை எடுத்துவிடுகிறார்கள், ஜூலை வந்ததும் தொகை குறைந்து வங்கிக் கணக்கு வற்றிவிடுகிறது. உங்கள் வீட்டில் இன்னொன்றும் இருக்கிறது. மகனுக்கு 2027 மே மாதம் ஆறு முடியும். ஆறு முடிந்த அடுத்த மாதத்திலிருந்து அவருடைய உச்சத் தொகை 7,997இலிருந்து 6,748க்கு இறங்கும், மாதம் 104 டொலர் இழப்பு. அது ஜூனில், சம்பளம் கூடியதால் வரும் குறைப்பு ஜூலையில். அடுத்தடுத்த இரண்டு மாதத்தில் மொத்தம் 227 டொலர் குறைவதைப் பார்த்து யாரோ பிழை விட்டுவிட்டார்கள் என்று பதற வேண்டாம். ஜனவரியிலிருந்தே மாதம் 125 டொலரை ரி.எஃப்.எஸ்.ஏ.யில் தானாகப் போகும்படி போட்டுவிடுங்கள். 2027 ஜூலைக்குள் அதில் 2,200க்கு மேல் சேர்ந்திருக்கும்.

சம்பளம் கூடினால் ஒன்றுமே மிஞ்சாது என்ற பேச்சு வெறும் கதையென்று தள்ளிவிடவும் மாட்டேன். குறைப்பு வீதம் பிள்ளைகளின் எண்ணிக்கையோடு ஏறுகிறது: முதல் எல்லைக்கு மேல் ஒரு பிள்ளைக்கு 7 சதவீதம், இரண்டுக்கு 13.5, மூன்றுக்கு 19, நான்குக்கும் அதற்கு மேலும் 23. மூன்று பிள்ளைகளோடு 50,000க்கும் 80,000க்கும் இடையில் உழைக்கும் குடும்பத்துக்கு மத்திய குறைப்பு 19, மாகாணக் குறைப்பு 8, சம்பளத்தில் கழிவது 27. கூட உழைக்கும் ஒவ்வொரு 100 டொலரிலும் 54 டொலர் போய்விடுகிறது. ஓவர்ரைம் செய்து களைத்து வருபவருக்கு அது வலிக்கும், வலிப்பது நியாயம். ஆனாலும் 46 டொலர் கையில் நிற்கிறது. இந்தக் குடும்பங்களுக்குத்தான் அடுத்து சொல்லப்போகும் வழி மிகவும் பயன்படும்.

நிகர வருமானத்தைச் சட்டப்படி இறக்கும் முதல் வழி ஆர்.ஆர்.எஸ்.பி. 2026இல் கணவர் பேரில் 6,000 போட்டு அந்த வருடமே கழித்தால், குடும்ப வருமானம் 83,000இலிருந்து 77,000 ஆகும். அவருடைய வரியில் ஏறத்தாழ 1,140 மிஞ்சும், பிள்ளைக் காசில் 671 கூடும். 6,000 போட்டதற்கு 1,800 டொலர் திரும்பி வருகிறது. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் 5,000 போட்டாலே பிள்ளைக் காசுகள் இரண்டும் சேர்ந்து 1,350 கூடும், வரியில் ஏறத்தாழ 1,000 மிஞ்சும். எவ்வளவு போடலாம் என்பது அசெஸ்மென்ற் கடிதத்தில் எழுதியிருக்கும். அந்த அளவை 2,000க்கு மேல் தாண்டினால் தாண்டிய தொகைக்கு மாதம் 1 சதவீதம் வரி கட்ட வேண்டும். ஒரு வருடத்துக்கான காசை அடுத்த வருடத்தின் முதல் 60 நாட்களுக்குள் போடலாம். 2025க்குக் கடைசி நாள் 2026 மார்ச் 2. கணவரின் கொம்பனியில் குழு ஆர்.ஆர்.எஸ்.பி. இருந்து, அவர் போடுவதற்கு ஈடாக அவர்களும் போடுகிறார்களா என்று முதலில் கேளுங்கள். இருந்தால் அங்கேதான் தொடங்க வேண்டும். இன்று போட்டுவிட்டுக் கழிப்பை வேறொரு வருடத்துக்குத் தள்ளியும் வைக்கலாம். 81,222க்கு மேலே நிற்கும் வருமானத்தில் கழித்தால் பிள்ளைக் காசு 5.7 சதவீதம்தான் கூடும், கீழே நிற்கும் வருமானத்தில் 13.5. ஈ.ஐ.யில் வீட்டில் இருக்கப்போகும் வருடமோ சம்பளம் குறையும் வருடமோ தெரிந்தால், அந்த வருடத்துக்கு எடுத்து வைப்பது லாபமா என்று வரிக்கணக்காளரிடம் இரண்டு விதமாகவும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னும் வாடகை வீட்டில் இருந்து, சொந்த வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் எஃப்.எச்.எஸ்.ஏ. என்ற முதல் வீட்டுச் சேமிப்புக் கணக்கும் அதே மாதிரி நிகர வருமானத்தை இறக்கும். வருடத்துக்கு 8,000 போடலாம். அதற்கு அந்த 60 நாள் சலுகை கிடையாது, டிசம்பர் 31க்குள் போட வேண்டும்.

இரண்டாவது வழி பிள்ளை பராமரிப்புச் செலவு. எத்தனையோ வீடுகளில் இது சும்மா விடுபட்டுப் போகிறது. டேகெயார், பள்ளிக்கு முன்னும் பின்னும் பார்க்கும் இடம், கோடை முகாம் எல்லாம் சேரும். வருட முடிவில் ஏழுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு 8,000, ஏழு முதல் பதினாறு வயதுப் பிள்ளைக்கு 5,000 வரை கழிக்கலாம். பொதுவாக வருமானம் குறைந்தவர்தான் கழிக்க வேண்டும், உங்கள் வீட்டில் நீங்கள். கணவருக்குத்தான் வரி அதிகம் என்று அவர் பேரில் போட்டால் சி.ஆர்.ஏ. திருத்திவிடும். நடன வகுப்பு, வயலின் வகுப்பு, நீச்சல் கட்டணம் சேராது. வீட்டில் வைத்துப் பிள்ளை பார்க்கும் ஒருவருக்குக் கொடுத்தால் அவருடைய சமூகக் காப்புறுதி எண்ணோடு ரசீது வேண்டும். அம்மம்மாவுக்குக் கொடுப்பதையும் கழிக்கலாம், ஆனால் உண்மையில் கொடுத்திருக்க வேண்டும், அவரும் அதைத் தன் வருமானமாகக் காட்ட வேண்டும். அவருக்கு முதியோர் உதவிப் பணம் வருகிறதென்றால் அதில் என்ன மாறும் என்று பார்த்துவிட்டுத்தான் செய்யுங்கள்.

2024இல் மகனை எங்காவது விட்டிருந்தால் அந்த ரசீது பதிவில் ஏறியதா என்று லைன் 21400ஐப் பாருங்கள். 3,000 டொலர் விடுபட்டிருந்தால் பிள்ளைக் காசில் மட்டும் 405 டொலர் உங்களுக்குச் சேர வேண்டியது. சி.ஆர்.ஏ.யின் இணையக் கணக்கான மை அக்கவுன்ரில் உங்கள் 2024 பதிவைத் திருத்தலாம். பத்து வருடம் வரை பின்னோக்கிப் போய்த் திருத்த இடம் உண்டு. திருத்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டதும் சைல்ட் பெனிபிற்றைத் தாங்களாகவே மறுபடி கணக்குப் போட்டு விடுபட்டதை அனுப்புவார்கள்.

கைக்காசு பற்றி: வேண்டாம். காட்டாத 12,000க்கு சி.பி.பி. இல்லை, ஈ.ஐ. இல்லை. வேலையில் அடிபட்டால் நட்டஈடு கேட்பதும் சிக்கலாகும், வீட்டுக் கடன் கேட்கும்போது அந்த வருமானம் கணக்கிலும் வராது. பேஸ்மென்ற் வாடகையை மறைப்பவர்களுக்கும் இதே பதில்தான். வாடகையைக் காட்டி, அதற்கான வட்டி, சொத்துவரி, காப்புறுதி, திருத்த வேலை ஆகியவற்றின் பங்கைக் கழித்தால் நிகரமாகச் சேர்வது பலர் பயப்படும் அளவுக்கு இருப்பதில்லை. பிறகு பிடிபட்டால் வரி மட்டும் ஏறுவதில்லை, அந்த வருடங்கள் எல்லாவற்றுக்கும் பிள்ளைக் காசையும் மறுபடி கணக்கிட்டு, கூட வாங்கியதை மாதாமாதம் வரும் காசிலிருந்தே பிடிப்பார்கள்.

பிரிந்திருப்பதாகப் பதிவது அதைவிட மோசம். பிரிவு என்றால் உறவு முறிந்து குறைந்தது 90 நாள் தனித்தனியாக வாழ்ந்திருக்க வேண்டும். சி.ஆர்.ஏ. வீட்டு ஒப்பந்தம், வங்கிக் கடிதம், கார்க் காப்புறுதி, பள்ளிக்கூடத்தில் கொடுத்த முகவரி என்று கேட்டு எழுதும். இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தது தெரிந்தால் வாங்கியது முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டும், தெரிந்தே பொய் சொன்னதற்குத் தனித் தண்டமும் விதிக்கலாம். ஏற்கெனவே யாராவது அப்படிப் பதிந்திருந்தால், கடிதம் வரும்வரை காத்திருக்காமல் தாங்களாகவே திருத்திக்கொள்வது நல்லது. உண்மையாகவே பிரிந்த ஒருவர் மட்டும் அந்த 90 நாள் முடிந்ததும் அறிவிக்கத் தவறக்கூடாது, அவருக்கு அதன் பிறகு தன் வருமானத்தை மட்டும் வைத்துத்தான் கணக்கு, தொகை ஏறும்.

2026 ஏப்ரல் 30க்குள் இருவருமே 2025 வரிப் பதிவைச் செய்துவிடுங்கள். ஒருவர் செய்து மற்றவர் செய்யாவிட்டால் குடும்ப வருமானத்தைக் கூட்ட முடியாமல் ஜூலைக் காசு நின்றுவிடும். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு ஜூன் 15 வரை நேரம் உண்டு. ஆனால் அந்த நாள்வரை இழுத்தால் ஜூலை 20 அளவில் வர வேண்டிய காசு பிந்தலாம். உங்கள் கணவர் வார இறுதியில் ஊபர் ஓடினாலும் அது சொந்தத் தொழில்தான், அந்த வருமானமும் இந்தக் கூட்டலில் சேர வேண்டும். பெற்றோல் ரசீதையும் ஓடிய கிலோமீற்றர் கணக்கையும் இன்றிலிருந்தே ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள். அது இல்லாமல் அவர் கழிக்கும் கார்ச் செலவு கேள்வி வந்தால் நிற்காது.